ஆனந்துக்குக் கோயம்புத்தூரில் கிடைத்த பட்டமும், போட்டிக்கு வந்த கம்ப்யூட்டர்களும்



போன வாரம் நம்ம பழைய எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் ஒரு மாணவன் கேட்டான். "சார், இன்னைக்கு உலக செஸ் சாம்பியனை விட ஒரு செல்போன் நல்லா ஆடுது. அப்புறம் எதுக்கு மனுசனுக்கு மட்டும் தனியா சாம்பியன்ஷிப்? புரோகிராமையும் சேர்த்து ஆட விட்டா யார் பெரியவன்னு தெரிஞ்சுட்டுப் போகுதுங்க." நாலு பேர் ஆமாம் என்றார்கள், நாலு பேர் இல்லை என்றார்கள், ஒருவன் வழக்கம்போல முருகன் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னான். இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பஸ்ஸில் போகும்போது படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இந்தக் கேள்வி ஏதோ இப்போது ஏ.ஐ. வந்த பிறகு பிறந்ததாக நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கிடையாது. மனிதர்கள் ஆடும் போட்டியில் கம்ப்யூட்டரைச் சேர்த்து, பெயர் எழுதி, ஜோடி போட்டு, ஆட வைத்தே பார்த்துவிட்டார்கள். 1967-லிருந்து 2000 வரை, முப்பது வருடத்துக்கு மேல். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பேசினால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

ஆனால் நான் அமெரிக்காவில் ஆரம்பிக்கப் போவதில்லை. நம்ம கோயம்புத்தூரில் ஆரம்பிக்கிறேன்.

விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பட்டத்துக்கான கடைசித் தகுதியை அவர் எங்கே பெற்றார் என்று கேட்டால் சென்னை என்பார்கள், மாஸ்கோ என்பார்கள். இரண்டும் இல்லை. கோயம்புத்தூரில் சக்தி ஃபைனான்ஸ் பெயரில் நடந்த சர்வதேசப் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார், அதைக் கொண்டுதான் 1988-ல் பட்டம் வந்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. நம்ம ஊர்க்காரர்களே இதை மறந்துவிட்டார்கள். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பத்துப் பேரிடம் கேளுங்கள், ஒருவருக்குத் தெரிந்தால் ஆச்சரியம்.

கிராண்ட் மாஸ்டர் பட்டம் என்பது பரீட்சை எழுதி வாங்குவது இல்லை. பட்டம் பெற்ற வீரர்கள், வெளிநாட்டு வீரர்கள் இத்தனை பேர் கலந்துகொள்ளும் போட்டியில் இவ்வளவு புள்ளி எடுக்க வேண்டும், அதையும் ஒரு தடவைக்கு மேல் செய்து காட்ட வேண்டும் என்று கணக்கு உண்டு. அதை 'நார்ம்' என்பார்கள். அந்தக் காலத்தில் நார்ம் கிடைக்கும் போட்டி நம் நாட்டில் நடப்பதே அபூர்வம். ஐரோப்பா போய் ஆடலாம், ஆனால் டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுப்பது? அதனால் நம்ம ஊரில் ஒரு போட்டி நடந்து, அதில் ஒரு பையனுக்கு ஓர் இடம் கிடைத்தது என்பது சின்ன விஷயம் இல்லை. 'ஓர் இடம்' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

அதே 1988 நவம்பரில், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் லாங் பீச் நகரத்தில் ஒரு பெரிய திறந்த போட்டி. உலக சாம்பியனாக இருந்த மிகைல் டால் அதில் ஆடினார். (சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் மானுவல் ஆரோன் நடத்திய, ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய டால் செஸ் கிளப் இவர் பெயரில் அமைந்ததுதான்.) டென்மார்க்கின் பென்ட் லார்சன் வந்திருந்தார். இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் வந்திருந்தார். பட்டியலில் இன்னொரு பெயர், டீப் தாட். அது கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த கம்ப்யூட்டர்.

எட்டுச் சுற்று முடிவில் டீப் தாட்டும் மைல்ஸும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி எடுத்து முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். போகிற வழியில் அது லார்சனைத் தோற்கடித்தது. போட்டி ஆட்டத்தில் ஒரு கிராண்ட் மாஸ்டர் கம்ப்யூட்டரிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. முதல் பரிசு பத்தாயிரம் டாலர். அது முழுவதும் மைல்ஸுக்கே போனது. கம்ப்யூட்டருக்குப் பரிசு கிடையாது என்பது முன்பே பேசி வைத்த விதி.

இந்த டீப் தாட்டைச் செய்தவர்களில் தைவான்காரர் ஃபெங் சியுங் சூ, கனடாக்காரர் முர்ரே கேம்ப்பெல் ஆகியோரோடு தாமஸ் அனந்தராமன் என்ற இந்தியரும் ஒருவர். வாரணாசியில் பொறியியல் படித்துவிட்டுப் போனவர். ஆக ஒரே வருடத்தில், ஓர் இந்தியப் பையன் கோயம்புத்தூரில் ஜெயித்துக் கிராண்ட் மாஸ்டர் ஆகிறான், இன்னோர் இந்தியர் கைவைத்த இயந்திரம் கிராண்ட் மாஸ்டரைத் தோற்கடிக்கிறது. வரலாற்றில் இப்படிப் பொருந்தி வருவது எப்போதாவதுதான்.

லாங் பீச் திடீரென்று நடந்தது இல்லை. 1967-லேயே எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் என்பவர் எழுதிய மேக் ஹேக் என்ற புரோகிராம் மாசசூசெட்ஸில் மனிதர்களோடு போட்டிகளில் ஆடியது. சுமாரான ஆட்டம்தான், ஆனாலும் அமெரிக்க செஸ் கூட்டமைப்பு அதற்குக் கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்தது. 1976-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் செஸ் 4.5 கலிபோர்னியாவின் சாரடோகாவில் நடந்த போட்டியில் 'பி' பிரிவில் ஐந்துக்கு ஐந்து எடுத்தது. அடுத்த வருடம் நார்த்வெஸ்டர்ன் புரோகிராம் மின்னசோட்டா திறந்த போட்டியையே வென்றது. 1981-ல் கிரே பிளிட்ஸ், மிசிசிப்பி மாநிலப் போட்டியில் ஐந்துக்கு ஐந்து. 1983-ல் பெல் என்ற இயந்திரம் அமெரிக்க மாஸ்டர் தகுதி வாங்கியது. இந்த பெல்லைச் செய்தவர்களில் ஒருவர் கென் தாம்சன், யூனிக்ஸ் எழுதியவர், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். அதை 1982-ல் மாஸ்கோவுக்கு ஒரு காட்சி ஆட்டத்துக்குக் கொண்டுபோகும்போது நியூயார்க் விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்து வைத்துக்கொண்டது. எதிரி நாட்டுக்குப் போகக்கூடாத உயர் தொழில்நுட்பமாம். செஸ் போர்டைப் பார்த்து ராணுவத் தளவாடம் என்று பயந்த காலம் அது.

அந்தப் போட்டிகளில் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாரும் இயந்திரத்தை விரட்டவில்லை. இரண்டு மூன்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். கம்ப்யூட்டரோடு ஆட விருப்பம் இல்லை என்று முன்கூட்டியே சொன்னவரை அதோடு ஜோடி சேர்க்க மாட்டார்கள். பரிசுப் பணம் மனிதர்களுக்கு மட்டும். இயந்திரத்துக்கு ஒரு ரேட்டிங் போட்டுக் கொடுத்தார்கள், எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று அளக்க. மொத்தத்தில் கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நடத்தினார்கள். விருந்தாளிக்கு இலை போடுவோம், பந்தியில் உட்கார வைப்போம். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார வைப்போமா?

அதனால் சாஃப்ட்வேர் மாணவனுக்கு நான் சொல்லும் முதல் பதில், திறந்த போட்டியில், முன்பே சொல்லிவிட்டு, பரிசுக்கு ஆசைப்படாமல் ஆட வந்த புரோகிராமால் செஸ்ஸுக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லை. நல்லதுதான் வந்தது. லார்சன் மாதிரி ஒருவரைத் தோற்கடித்த பிறகுதான் உலகம் இதை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பதை விட்டது.

ஆனால் சாம்பியன்ஷிப் வேறு.

மாவட்ட, மாநில, தேசிய, உலக சாம்பியன்ஷிப் எல்லாவற்றிலும் மேலே போகப் போக இடம் குறைந்துகொண்டே போகும். திறந்த போட்டியில் இருநூறு பேரோடு இருநூற்றி ஒன்றாக ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் ஆடும் சாம்பியன்ஷிப்பில் அது உட்கார்ந்தால், ஒருவன் வெளியே நிற்கிறான். நெதர்லாந்தில் 2000-ஆம் ஆண்டு இதைச் செய்து பார்த்தார்கள். ராட்டர்டாமில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் ஃப்ரிட்ஸ் என்ற புரோகிராமுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். வீரர்கள் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அந்த வருடம் பட்டம் வென்றவர் லோக் வான் வேலி. ஃப்ரிட்ஸை அவர் தோற்கடித்த விதத்தைக் கேளுங்கள். சிப்பாய்களை ஒன்றோடொன்று பூட்டி, காய்கள் புக வழியே இல்லாமல் பலகையை அடைத்துவிட்டு, மெதுவாக ராஜாவின் பக்கம் கட்டி எழுப்பினார். புரோகிராமுக்கு எதிரே என்ன வருகிறது என்றே தெரியவில்லை. அந்தக் காலத்துப் புரோகிராம்களின் பலவீனம் அது.

கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாட்டின் சிறந்த செஸ் வீரர் யார் என்று கண்டுபிடிக்க நடத்தும் போட்டியில், 'இயந்திரத்தை ஏமாற்றத் தெரிந்தவருக்கு' ஒரு புள்ளி அதிகம் கிடைக்கிறது. கொள்கைக்காக ஆட மறுப்பவருக்கு ஒரு புள்ளி குறைகிறது. அப்புறம் அந்தப் பட்டியல் எதை அளக்கிறது? தராசில் எடைக்கல் மாதிரி ஒன்றை வைத்தோம், அது ஆளுக்கு ஒரு எடை காட்டுகிறது.

இடம் என்பதைப் பற்றி இன்னொரு வார்த்தை. 2013-ல் சென்னையில் ஆனந்த் - கார்ல்சன் உலக சாம்பியன்ஷிப் நடந்ததே, அந்தச் சமயத்தில் அரசு 7 முதல் 17 வயது வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு செஸ் என்று கொண்டுவந்தது. நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கும் செஸ் போர்டுகள் வந்தன. ஒன்றிய அளவுப் போட்டிக்குப் பள்ளிக்கு இத்தனை பேர் என்று கணக்கு. கடைசி ஒரு இடத்துக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரின் அப்பாவும் தறி ஓட்டுபவர்கள். ஒரு பெண்ணை அனுப்பினோம், ஒரு பையன் நின்றான். அவன் அன்று மதியம் சத்துணவு வாங்கப் போகவே இல்லை. ஒரு ஒன்றியப் போட்டியின் ஓர் இடத்துக்கே இந்தப் பாடு. கோயம்புத்தூர் போட்டியில் ஆனந்துக்குக் கிடைத்த இடத்தில், பசிக்காத, நார்ம் தேவைப்படாத, பட்டம் வாங்கி மாட்டிக்கொள்ளச் சுவரே இல்லாத ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தால்?

இங்கே நம்ம பகுதிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தறி.

சோமனூர், பல்லடம் பக்கம் பிறந்தவர்கள் விசைத்தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள். சென்னிமலை, பவானி பக்கம் போனால் கைத்தறி. இந்த இரண்டுக்கும் உள்ள வழக்கு, செஸ்ஸில் இன்று பேசும் வழக்கைப் போலவேதான் இருக்கிறது. விசைத்தறியின் வேகத்துக்குக் கைத்தறி நாள் முழுக்க மிதித்தாலும் ஈடு கொடுக்க முடியாது. "போட்டி போட்டு ஜெயிக்க முடியாவிட்டால் ஒதுங்க வேண்டியதுதானே" என்று அன்றும் கேட்டார்கள். 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது, கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி. முதலில் 22 ரகம், பிறகு 11 ஆகக் குறைந்தது. கரை போட்ட சேலை, வேட்டி, ஜமக்காளம் எல்லாம் அதில் வரும். விசைத்தறிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அந்தச் சட்டம் விசைத்தறியை ஒழிக்கவில்லை. ஓடட்டும், காடாத்துணி நெய்யட்டும், ஊருக்கே வேலை கொடுக்கட்டும். கைத்தறி என்ற பெயரும், அதற்கென்று வைத்த சில ரகங்களும் மட்டும் கையால் நெய்பவனுக்கு. என் சொந்தத்திலேயே விசைத்தறிக்காரர்கள் பாதிப் பேர், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. (இதைப் படித்துவிட்டுச் சின்ன மாமா போன் செய்வார் என்று தெரியும். மாமா, மத்தியானத்துக்கு மேல் கூப்பிடுங்க.)

நெசவாளிக்கு வயிற்றெரிச்சல் எதில் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊரில் விசைத்தறி ஓடுகிறதே என்று அவர் அழுவதில்லை. விசைத்தறியில் ஓட்டிய துணிக்குக் கைத்தறி என்று சீட்டு ஒட்டி விற்கிறார்களே, அதில்தான். அதைத் தடுக்கவே 2006-ல் 'கைத்தறி முத்திரை' என்று ஒன்று கொண்டுவந்தார்கள்.

செஸ்ஸிலும் அதே 2006-தான் திருப்பம். அதற்கு முன்னால் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்த கதைதான். டீப் தாட் குழு ஐ.பி.எம்.முக்குப் போய் டீப் புளூ ஆனது. 1996-ல் காஸ்பரோவ் 4-2 என்று ஜெயித்தார். 1997 மே மாதம் நியூயார்க்கில் 3½-2½ என்று தோற்றார், கடைசி ஆட்டத்தில் 19 நகர்த்தலோடு எழுந்துவிட்டார். ஐ.பி.எம். மறு ஆட்டம் கொடுக்காமல் இயந்திரத்தை ஓய்வில் அனுப்பியது. உலகம் முழுக்க 'கம்ப்யூட்டர் உலக சாம்பியனை வென்றது' என்று தலைப்பு. ஆனால் அது பட்டத்துக்கான ஆட்டமே இல்லை, தனிப் பந்தயம். மறுநாள் காலையிலும் உலக சாம்பியன் காஸ்பரோவ்தான். இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

நம்ம ஆனந்தும் 1998-ல் இத்தாலியின் இஸ்கியா தீவில் ரெபெல் என்ற புரோகிராமோடு எட்டு ஆட்டம் ஆடினார். மொத்தத்தில் 5-3 என்று புரோகிராம் ஜெயித்தது. ஐந்து நிமிட ஆட்டங்களிலும் கால் மணி நேர ஆட்டங்களிலும் அது முந்தியது. நிதானமாக உட்கார்ந்து ஆடும் இரண்டு நீண்ட ஆட்டங்களில் மட்டும் ஆனந்த் ஒன்றரை, அது அரை. யோசிக்க நேரம் கொடுத்தால் மனிதன் அப்போது இன்னும் நின்றான். அதுவும் கொஞ்ச நாளுக்குத்தான். 2006 நவம்பர், டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரத்தில் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃப்ரிட்ஸிடம் 4-2 என்று தோற்றார். ஒரு ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் மேட் ஆகும் இடத்தைக் கவனிக்காமல் விட்டார். நம் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கூடப் பார்த்துவிடும் மேட். அதோடு அந்த மாதிரிப் பந்தயங்கள் மீது யாருக்கும் ஆர்வம் இல்லாமல் போனது. முடிவு தெரிந்த பந்தயத்தை யார் பார்ப்பார்?

சரியாக அதே டிசம்பர் 2006-ல் இந்திய செஸ் கூட்டமைப்பு ஒரு வீரருக்குப் பத்து வருடத் தடை விதித்தது. டெல்லிப் போட்டி ஒன்றில், காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு ஆடினார். தொப்பிக்குள் புளூடூத் கருவி தைத்திருந்தது. வெளியே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆட்கள் நகர்த்தலைச் சொல்லச் சொல்ல, இவர் காயை நகர்த்தினார். ஒன்றரை வருடத்தில் அவருடைய ரேட்டிங் ஏறிய வேகத்தைப் பார்த்து மற்ற வீரர்களுக்குச் சந்தேகம் வந்துதான் சோதனை நடந்தது. பெயர் வேண்டாம். தண்டனைக் காலம் முடிந்துவிட்டது, பேப்பரில் வந்த பெயரை நான் மறுபடி எழுதி என்ன ஆகப்போகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பான் நகரத்தில் புரோகிராம் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில், உலக சாம்பியனை வென்றது. ஒருவரும் ஏமாறவில்லை. டெல்லியில் அது ஒரு தொப்பிக்குள் ஒளிந்துகொண்டு வந்தது. எதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு மனிதனோடு ஆடுகிறோம் என்று நினைத்துத் தோற்றார்கள், ரேட்டிங்கை இழந்தார்கள். விசைத்தறித் துணிக்குக் கைத்தறிச் சீட்டு.

மனிதப் போட்டியில் கம்ப்யூட்டர் ஆடலாமா என்று இன்றைக்குக் கேட்டால், அது ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கிறது, பெயர் கொடுக்காமல். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' வரவேற்றான், நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், எல்லாம் அழகு. ஆனால் உள்ளே ஆடப் போன வீரர்கள் செல்போனை வெளியே வைத்துவிட்டுச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். டால் கிளப் காலத்தில் அது கிடையாது. ஆன்லைனில் இன்னும் மோசம். 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக ஆனந்த் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடினார். ஒரு பெரிய தொழிலதிபர் ஆனந்தையே தோற்கடித்தார். மறுநாளே அவர் கம்ப்யூட்டர் உதவியும் ஆட்களின் உதவியும் இருந்தது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தர்மத்துக்கு நடந்த ஆட்டம், பரிசு ஒன்றும் இல்லை. அதிலேயே கை அந்தப் பக்கம் போகிறது என்றால், பட்டமும் பணமும் இருக்கும் இடத்தில் என்ன ஆகும்?

"அப்படியானால் ஒளிப்பதற்குப் பதில் வெளிப்படையாகவே எல்லாருக்கும் அனுமதி கொடுத்துவிட்டால்?" என்று குழுவில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, அவள் பள்ளியிலும் இப்படித்தான் கடைசி பெஞ்சிலிருந்து கேட்பாள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அஞ்சல் வழி செஸ் என்று ஒன்று உண்டு. பதினைந்து காசு கார்டில் ஒரு நகர்த்தலை எழுதிப் போட்டுவிட்டு, பதிலுக்குப் பத்து நாள் காத்திருந்த காலம். ஒரு ஆட்டம் முடிய வருடக்கணக்கில் ஆகும், தபால்காரருக்கே ஆட்டம் மனப்பாடம் ஆகிவிடும். இன்று அதன் சர்வதேசக் கூட்டமைப்பு இன்டர்நெட் வழியாக நடத்துகிறது, கம்ப்யூட்டர் உதவி அனுமதி. யாரையும் சோதிக்க வேண்டாம், சந்தேகப்பட வேண்டாம். விளைவு? அண்மைக் கால உலக சாம்பியன் இறுதிப் போட்டிகளில் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் டிரா. நேர்மை காப்பாற்றப்பட்டது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

இதில் இடைப்பட்ட வழியும் ஒன்று இருந்தது. காஸ்பரோவ் யோசனைப்படி 1998-லிருந்து ஸ்பெயினின் லியோன் நகரத்தில், இரண்டு வீரர்களும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரை மேசையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். 1999-ல் ஆனந்த் அதில் கார்ப்போவை 5-1 என்று வென்றார். கருவியைக் கையாளுவதும் ஒரு திறமை என்று காட்டினார். தனிப் பெயர், தனி விதி, தனி மேடை. எனக்கு அது பிடித்தே இருந்தது. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஆடும் உலக சாம்பியன்ஷிப்பும் 1974-லிருந்து 2024 வரை நடந்தது. முதல் தடவை ஸ்டாக்ஹோமில் நடந்ததில் சோவியத் புரோகிராம் கைசா ஜெயித்தது. நம்ம பக்கம் ரேக்ளாவில் பல் முளைக்காத கன்றுக்கு 200 மீட்டர், பெரிய காளைக்கு 300 மீட்டர் என்று தனித்தனியாக விடுவதில்லையா? கன்றைக் கேவலப்படுத்துவதாக யாராவது சொன்னோமா?

சரி, போட்டி மண்டபத்துக்கு வெளியே புரோகிராமை என்ன செய்வது என்று பெற்றோர்களாக இருக்கும் மாணவர்கள் கேட்கிறீர்கள். நம்ம ஈரோட்டுப் பையன் இனியன் 2019-ல் இந்தியாவின் 61-வது கிராண்ட் மாஸ்டர் ஆனபோதிலிருந்து, கொங்குப் பக்கத்துத் தாய்மார்கள் பலர் பிள்ளைக்கு ஆறு வயதிலேயே லேப்டாப் வாங்கிக் கொடுத்து செஸ் இன்ஜினைப் போட்டுவிடுகிறார்கள். குகேஷ் கதையைச் சொல்கிறேன். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட் மாஸ்டர் ஆகும்வரை இன்ஜினைத் தொடவே விடவில்லை. எல்லாரும் அதோடு பழகும் காலத்தில் இவன் மட்டும் பலகையைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டான். 2019 ஜனவரியில் பன்னிரண்டு வயதில் கிராண்ட் மாஸ்டர். பிறகுதான் இன்ஜின். கணக்கு வாத்தியார்கள் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகும்வரை கால்குலேட்டரைக் கண்ணில் காட்டாமல் இருந்ததும் இதே காரணத்துக்குத்தான்.

அவர் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனதை நானும் வீட்டில் போனில் பார்த்தேன். கடைசி, பதினான்காவது ஆட்டம். ஆளுக்கு ஆறரைப் புள்ளி. குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், அவ்வளவுதான். திரையின் ஓரத்தில் இன்ஜின் சமம், சமம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. டிரா என்று முடிவு கட்டி என் மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். 55-வது நகர்த்தலில் டிங் லிரன் யானையை ஒரு கட்டத்தில் வைத்தார். இன்ஜின் அந்த நொடியே காட்டிவிட்டது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான போன்களுக்குத் தெரியும். தெரியாதது மண்டபத்தில் இருந்த இரண்டு பேருக்குத்தான். குகேஷ் பலகையைப் பார்த்தார். சில விநாடி. முகம் மாறியது. அதன் பிறகு டிங்குக்கும் தெரிந்தது, தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டார்.

அந்தச் சில விநாடிக்காகத்தான் நான் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரில் யாராவது ஒருவர் புரோகிராமாக இருந்திருந்தால் அந்த யானை அந்தக் கட்டத்துக்குப் போயே இருக்காது.

மாணவச் செல்வங்களே, ஒரு உதவி. ஆனந்த் ஜெயித்த அந்தக் கோயம்புத்தூர் போட்டியை நேரில் போய்ப் பார்த்தவர்கள் உங்கள் அப்பா, சித்தப்பா, மாமா யாராவது இருப்பார்கள். ஸ்கோர் எழுதிய நோட்டோ, பழைய பேப்பர் கட்டிங்கோ, மண்டபத்தில் எடுத்த படமோ வீட்டில் இருந்தால் கீழே போடுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று தெரிந்தவரை எழுதுங்கள்.